கட்டுமானத் தளத்து மழைநீர்: அமெரிக்கச் சட்டம் ஏன் ஆய்வுப் பதிவேட்டை நம்பி நிற்கிறது?

2025 மார்ச் 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பு சொன்னது. அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்பு, 2023 மே மாதம், சாக்கெட் வழக்கின் தீர்ப்பு வந்திருந்தது. தூய நீர்ச் சட்டத்தின் கீழ் அந்த முகமைக்கு இருந்த அதிகாரத்தை இரண்டு தீர்ப்புகளுமே சுருக்கின. இதைப் படிக்கும் ஒரு தள மேலாளருக்கோ, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த சிவில் பொறியாளருக்கோ இயல்பாக ஒரு சந்தேகம் வரும்: அப்படியானால் வாராவாரம் சைட்டைச் சுற்றி வந்து எழுதும் மழைநீர் ஆய்வு அறிக்கை இனிமேலும் தேவைதானா?

தேவைதான். தீர்ப்புகளைக் கவனமாகப் படித்தால், அந்த அறிக்கையின் முக்கியத்துவம் முன்பைவிடக் கூடியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும், பிறகு சட்டத்தை, அதன் பிறகுதான் தீர்ப்புகளை.

மண் எப்படி ஆற்றுக்குப் போகிறது

காட்டு நிலத்தில் விழும் மழைத்துளி இலையில் பட்டு, சருகில் பட்டு, வேகம் குறைந்து மண்ணுக்குள் இறங்குகிறது. கட்டுமானத்துக்காகச் செடிகொடிகளை அகற்றி, மேல்மண்ணை வழித்தெடுத்த இடத்தில் அந்தத் துளி நேராக மண்ணில் அறைகிறது. பெரிய மழைத்துளி நொடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து விழும். அந்த அடியில் மண்கட்டி உடைந்து துகளாகிறது. துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்வதால் நீர் உள்ளே இறங்க முடியாமல் மேலேயே ஓடத் தொடங்குகிறது. ஓடும்போது துகள்களையும் அள்ளிக்கொண்டு போகிறது. கனரக வண்டிகள் ஓடி இறுகிப்போன தரையில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

கட்டுமானத் தளங்களிலிருந்து வெளியேறும் வண்டல் வேளாண் நிலத்திலிருந்து வருவதைப் போல 10 முதல் 20 மடங்கு, காட்டு நிலத்திலிருந்து வருவதைப் போல 1,000 முதல் 2,000 மடங்கு என்பது அந்த முகமையின் கணக்கு. மழையின் அளவையும் எண்ணாகப் பார்த்துவிடலாம். ஒரு ஏக்கரில் கால் அங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 25,700 லிட்டர். கால் அங்குலம் என்ற இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டத்தில் இது திரும்ப வரும்.

மண்தானே, ஆற்றில் கலந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ட்ரவுட், சால்மன் போன்ற மீன்கள் ஆற்றடிக் கூழாங்கற்களின் இடுக்கில் முட்டையிடுகின்றன. அந்த இடுக்கை வண்டல் அடைத்தால் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. கலங்கிய நீரில் ஒளி இறங்காமல் நீர்த்தாவரம் சாகிறது. களிமண் துகளில் பாஸ்பரஸ் ஒட்டிக்கொண்டு போய் ஏரியில் பாசியைப் பெருக்குகிறது. அணை, வடிகால் எல்லாம் கொள்ளளவை இழக்கின்றன. அதைத் தூர்வாரும் செலவு, மண்ணை விட்டவருக்கு அல்ல, ஊருக்கு.

இங்கே ஓர் இயற்பியல் உண்மையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆய்வின் தர்க்கம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. அசையாமல் நிற்கும் நீரில் 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் ஒரு மீட்டர் ஆழம் படிய இரண்டு நிமிடம் போதும். 0.02 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். 0.002 மில்லிமீட்டர் களிமண் துகள் அதே ஒரு மீட்டரைக் கடக்க மூன்று நாளுக்கு மேல் எடுக்கும். துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால், படியும் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது.

அதாவது, களிமண் ஒருமுறை நீரில் கரைந்துவிட்டால் வேலியோ குட்டையோ அதைப் பிடிக்காது. பிடிக்கும் ஒரே சமயம், அது இன்னும் தரையில் கிடக்கும்போதுதான்.

இரண்டு சொற்கள், இரண்டு வேலைகள்

இந்தத் துறையில் அடிக்கடி ஒன்றாகச் சொல்லப்படும் இரண்டு பெயர்களைப் பிரித்துப் பார்த்துக்கொள்வோம்.

1. மண் அரிப்புக் கட்டுப்பாடு: மண் கிளம்பாமலே பார்த்துக்கொள்வது. வைக்கோல் மூடாக்கு, தேங்காய் நார் விரிப்பு, விதையும் மூடாக்கும் கலந்து தெளித்தல், தேவையில்லாமல் நிலத்தைத் திறக்காமல் இருத்தல்.

2. வண்டல் கட்டுப்பாடு: கிளம்பிவிட்ட மண்ணைத் தளத்துக்குள்ளேயே நிறுத்துவது. வண்டல் வேலி, வடிகால் வாய்க் காப்பு, வண்டல் குட்டை, வாயிலில் போடும் கருங்கல் ஜல்லித் தளம்.

முதலாவது முதன்மைப் பாதுகாப்பு, இரண்டாவது துணை. நடைமுறையில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. வேலி கண்ணுக்குத் தெரியும், ஒரே நாளில் நட்டுவிடலாம், வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டலாம். மூடாக்கு அப்படியல்ல. வேலை நகர நகர அதுவும் கூடவே நகர வேண்டும். அதனால் சைட்டைச் சுற்றி வேலி நட்டதும் கடமை முடிந்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

வண்டல் வேலி எப்படி வேலை செய்கிறது என்பதிலேயே பலருக்கும் தவறான புரிதல் இருக்கிறது. அது வடிகட்டி அல்ல. துணியின் பின்னால் நீர் தேங்க வேண்டும், தேங்கிய நீரில் மணலும் கனமான வண்டலும் படிய வேண்டும், அதுதான் அதன் வேலை. எனவே வேலி சமமட்டக் கோட்டில் ஓட வேண்டும். 100 அடி வேலிக்குக் கால் ஏக்கர் நிலத்து நீருக்கு மேல் வரக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. துணியின் அடிப்பகுதி மண்ணில் பள்ளம் பறித்துப் புதைக்கப்பட வேண்டும். இரண்டு முனைகளும் மேட்டுப்பக்கமாக வளைய வேண்டும், இல்லாவிட்டால் நீர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஓடை போல ஒரே இடத்தில் நீர் பாயும் வழியில் குறுக்கே நட்ட வேலி முதல் நல்ல மழைக்கே சாய்ந்துவிடும்.

சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது

1972-இல் வந்த தூய நீர்ச் சட்டம், குழாய், கால்வாய் போல அடையாளம் காணக்கூடிய வழியாக நாட்டின் நீர்நிலையில் மாசை விட அனுமதி வேண்டும் என்றது. முதலில் இது தொழிற்சாலைக் கழிவையும் சாக்கடையையும் குறிவைத்தது. 1987 திருத்தம்தான் மழைநீரை நேரடியாகக் கொண்டுவந்தது. 1990 விதியில் 5 ஏக்கரும் அதற்கு மேலும் மண்ணைக் கிளறும் தளங்கள் உள்ளே வந்தன. 1999-இல் வந்த இரண்டாம் கட்ட விதி அந்த எல்லையை 1 ஏக்கராகக் குறைத்தது. அது 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்த 1 ஏக்கர்தான் அதிகம் குழப்பும் எண். "என் மனை கால் ஏக்கர்தான், எனக்கு எதற்கு அனுமதி?" என்று கேட்கிறார்கள். ஒரு பெரிய நிலத்தை 40 மனைகளாகப் பிரித்து விற்கும் திட்டத்தில் உங்கள் கால் ஏக்கரும் ஒன்று என்றால், மொத்தத் திட்டத்தின் பரப்புதான் கணக்கு. மனைகளை வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு ஆண்டில் கட்டினாலும் இதுவே.

பெரும்பாலான மாநிலங்கள் இந்த அனுமதியைத் தாங்களே வழங்குகின்றன. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், பழங்குடி நிலங்களில் பெரும்பகுதி போன்றவற்றில் முகமையே நேரடியாக வழங்குகிறது. அதற்கான ஆவணம்தான் கட்டுமானப் பொது அனுமதி. இப்போது உள்ளது 2022 பிப்ரவரி 17-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் காலம் 2027 பிப்ரவரி 16-இல் முடிகிறது. மாநில அனுமதிகளில் எண்கள் மாறலாம். ஆனால் எலும்புக்கூடு ஏறத்தாழ ஒன்றே என்பதால் இந்தக் கட்டுரை பொது அனுமதியையே அடிப்படையாக வைத்துப் பேசுகிறது.

அனுமதி பெற வேண்டியவர் யார்? திட்டத்தையும் வரைபடத்தையும் மாற்றும் அதிகாரம் உள்ளவர், அதாவது பெரும்பாலும் உரிமையாளர். தளத்தின் அன்றாட வேலையை நடத்துபவர், அதாவது பொது ஒப்பந்தக்காரர். இருவருமே இயக்குபவர்கள், இருவருமே விண்ணப்ப அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். வேலை தொடங்குவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பு கொடுக்க வேண்டும். அதற்கும் முன்பே மழைநீர் மாசுத் தடுப்புத் திட்டம் எழுதி முடிந்திருக்க வேண்டும். களத்தில் இதன் ஆங்கிலச் சுருக்கத்தைச் சேர்த்துப் படித்து 'ஸ்விப்' என்கிறார்கள்.

எண் இல்லாத சட்டம்

ஒரு தொழிற்சாலைக்கு அனுமதி கொடுக்கும்போது, வெளியேறும் நீரில் இன்ன பொருள் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று எண்ணிலேயே சொல்லிவிடலாம். மாதிரி எடுத்துச் சோதித்தால் மீறினாரா இல்லையா என்று தெரிந்துவிடும். கட்டுமானத் தளத்துக்கும் அப்படி ஓர் எண் வைக்க முயற்சி நடந்தது. 2009 டிசம்பரில் முகமை வெளியிட்ட விதி, பெரிய தளங்களிலிருந்து வெளியேறும் நீரின் கலங்கல் அளவு நாள் சராசரியில் 280 என்.டி.யு.வைத் தாண்டக்கூடாது என்றது. என்.டி.யு. என்பது நீரில் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்பதை வைத்துக் கலங்கலை அளக்கும் அலகு. வீடு கட்டுவோர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2011-இல் அந்த எண் நிறுத்தி வைக்கப்பட்டது, 2014-இல் முழுவதுமாக விலக்கிக்கொள்ளப்பட்டது.

மாநிலங்கள் சில தங்கள் வழியில் எண் வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் 250 என்.டி.யு., அமில-காரத் தன்மைக்கு பி.எச். 6.5 முதல் 8.5 வரை என்ற செயல்பாட்டு அளவுகள் உண்டு. அவற்றைத் தாண்டினால் அதுவே குற்றம் என்று ஆகாது, காரணம் தேடித் திருத்த வேண்டும் என்று பொருள். கூட்டாட்சிப் பொது அனுமதியில், பள்ளத்திலிருந்து இறைக்கும் நீருக்கு மட்டும், அது பாதிப்புக்கு எளிதில் உள்ளாகும் நீர்நிலைக்குப் போனால், 50 என்.டி.யு. வார சராசரி என்ற அளவுகோல் இருக்கிறது. மற்றபடி சாதாரண மழைநீருக்கு எண் கிடையாது.

சரி, எண் இல்லையென்றால் ஒரு தளம் சட்டப்படி நடக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? செய்ய வேண்டிய செயல்களின் பட்டியலும், அவை செய்யப்பட்டதைக் காட்டும் ஏடும்தான் இருக்கின்றன. சோதனைக்கூடம் செய்யும் வேலையை இங்கே ஆய்வாளரின் கண் செய்கிறது. ஆய்வை ஒரு கூடுதல் காகித வேலை என்று நினைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஆய்வு: எப்போது, யார், எதை

எப்போது என்பதற்கு அனுமதி இரண்டு வழி தருகிறது.

1. 7 நாளுக்கு ஒருமுறை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும்.

2. 14 நாளுக்கு ஒருமுறை. அத்துடன், 24 மணி நேரத்தில் கால் அங்குலமோ அதற்கு மேலோ மழை பெய்தால், அதன்பின் 24 மணி நேரத்துக்குள் ஓர் ஆய்வு. பனி உருகி நீர் வெளியேறினாலும் இதற்கு இணையான விதி உண்டு.

வண்டலால் ஏற்கெனவே கெட்டுப்போன நீர்நிலைக்கோ, உயர்தர நீர்நிலைக்கோ நீர் போகும் தளமாக இருந்தால் தேர்வு இல்லை. 7 நாளுக்கு ஒருமுறையும் வேண்டும், மழைக்குப் பிறகும் வேண்டும். பள்ளத்து நீரை இறைக்கும் நாளில் தினமும் ஆய்வு. மறுபக்கம், மண்ணை மூடி நிலைப்படுத்திய பகுதிகளுக்கு ஆய்வு குறையும், வறண்ட பகுதிகளுக்கும் குறையும், நிலம் உறைந்து கிடக்கும் காலத்தில் நிறுத்தியும் வைக்கலாம்.

இரண்டாவது வழி மலிவாகத் தெரியும். ஆனால் அதைத் தேர்ந்தால் மழையளவைத் தினமும் குறிக்க வேண்டும், தளத்தில் மழைமானி வைக்க வேண்டும் அல்லது பொருத்தமான வானிலை நிலையத்தின் அளவை எடுக்க வேண்டும். மழை பல நாள் நீண்டால், கால் அங்குலம் பெய்த முதல் நாளுக்கு ஒன்று, அந்த அளவு பெய்த கடைசி நாளுக்குப் பிறகு ஒன்று என்று கணக்கு விரியும். கணக்கு தவறினால் மீறல். மழை அதிகமுள்ள இடத்தில் முதல் வழியே நிம்மதி. ஆனாலும் பெருமழைக்குப் பிறகு போய்ப் பார்ப்பதற்கு எந்த விதியும் தடை இல்லை. பார்க்கத்தான் வேண்டும்.

யார் என்றால், 2022 அனுமதி இதில் தெளிவாக இறுகியது. முகமையின் ஆய்வாளர் பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறியவர், அல்லது அதற்கு இணையான சான்றிதழ், உரிமம் வைத்திருப்பவர் மட்டுமே செய்யலாம். சைட்டில் கை ஓய்வாக இருக்கும் யாரையாவது அனுப்பும் பழக்கத்துக்கு இதில் இடமில்லை.

எதைப் பார்ப்பது என்பதுதான் ஆய்வின் மையம். நல்ல ஆய்வாளர் அலுவலகக் கொட்டகையிலிருந்து நடக்கத் தொடங்க மாட்டார். தளத்திலேயே தாழ்வான இடத்துக்கு, நீர் வெளியேறும் முனைக்கு, முதலில் போவார். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். புல்லில் சேறு படிந்திருக்கிறதா, சாலையோர வடிகாலில் வண்டல் இருக்கிறதா, கீழே ஓடையில் நிறம் மாறியிருக்கிறதா? இருந்தால், அந்த மண் எங்கிருந்து வந்தது என்று மேட்டை நோக்கி அடிச்சுவட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வழியில் அவர் கண் தேடுபவை இவை:

1. திறந்து கிடக்கும் மண். எத்தனை நாளாக யாரும் தொடாமல் கிடக்கிறது? ஒரு பகுதியில் வேலை முடிந்தாலோ, 14 நாளோ அதற்கு மேலோ நிற்கப் போகிறது என்றாலோ, உடனே மூடத் தொடங்க வேண்டும். திறந்த நிலம் ஒரு நேரத்தில் 5 ஏக்கருக்குள் என்றால் 14 நாளில், அதற்கு மேல் என்றால் 7 நாளில் முடிக்க வேண்டும்.

2. வேலி. தரைக்கு மேல் தெரியும் உயரத்தில் பாதியை வண்டல் எட்டுவதற்கு முன்பே அள்ள வேண்டும். அடியில் நீர் குடைந்திருக்கிறதா, முனையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறதா?

3. வடிகால் வாய்கள். வண்டல் சேர்ந்திருந்தால் அதே வேலை நாளில் அகற்ற வேண்டும், முடியாவிட்டால் அடுத்த வேலை நாள் முடிவதற்குள்.

4. வாயில். டயரில் ஒட்டிச் சாலைக்குப் போன மண்ணை அன்றைக்கே பெருக்கி அள்ள வேண்டும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி வடிகாலுக்குள் தள்ளுவது மீறல்.

5. கான்கிரீட் கழுவும் இடம். சிமென்ட் நீரின் பி.எச். 12-ஐ ஒட்டி இருக்கும். ஒரு சிற்றோடையின் மீன்களைக் கொல்ல ஒரு லாரியின் சரிவுத்தொட்டியைக் கழுவிய நீர் போதுமானதாகிவிடலாம். தொட்டி கசிகிறதா, நிரம்பி வழிகிறதா?

6. வண்டல் குட்டை. ஏக்கருக்கு 3,600 கன அடி, அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணி நேர மழையைத் தாங்கும் கொள்ளளவு வேண்டும். அதில் குறைந்தது பாதி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். 3,600 கன அடி என்பது ஒரு ஏக்கர் மீது ஏறத்தாழ ஒரு அங்குல நீர்.

டீசல் டிரம், பெயின்ட், நடமாடும் கழிப்பறை இவையெல்லாம் பட்டியலில் உண்டு, கடக்கும்போதே பார்த்துவிடலாம். நேரம் செலவிட வேண்டியது முதல் இனத்தில். களிமண்ணின் மூன்று நாள் கணக்கு நினைவிருந்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. வேலியில் பத்துக் குறை எழுதி, மேலே இரண்டு மாதமாகத் திறந்து கிடக்கும் சரிவைப் பற்றி ஒரு வரி எழுதாத அறிக்கை, நோயை விட்டுவிட்டுப் புண்ணுக்கு மருந்து தடவுகிறது.

கண்டுபிடித்த பிறகு ஓடும் கடிகாரம்

குறையைக் கண்ட நேரத்திலிருந்து காலக்கெடு தொடங்குகிறது. அறிக்கை எழுதிய நேரத்திலிருந்து அல்ல.

குறை கண்டதும் மாசு பரவாமல் தடுக்க உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். அதாவது அதே நாளில். மாலை நேரமாகிவிட்டிருந்தால் அடுத்த வேலை நாள் காலையில். சிறிய பழுது அடுத்த வேலை நாள் முடிவதற்குள் சரியாக வேண்டும். புதிதாக ஒன்றை நிறுவ வேண்டும், பெரிய பழுது பார்க்க வேண்டும் என்றால் 7 நாள், அதில் சனி ஞாயிறும் சேரும். ஆய்வை முடித்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை நிறைவாக வேண்டும். மழையால் நடந்த ஆய்வென்றால் அந்த மழையளவும் அதில் இருக்க வேண்டும். அறிக்கைகளைக் குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

2022 அனுமதியில் மிகவும் பொருளுள்ள ஒரு பகுதி உண்டு. ஒரே இடத்தில், ஒரே கட்டுப்பாட்டுக்கு, ஒரே பராமரிப்பை மூன்று முறையோ அதற்கு மேலோ செய்ய நேர்ந்தால், அது இனி வழக்கமான பராமரிப்பு என்று கருதப்படாது. திருத்த நடவடிக்கையாக எடுத்துச் சரி செய்ய வேண்டும், அல்லது அது ஏன் இன்னும் வழக்கமான பராமரிப்புதான் என்று எழுதி வைக்க வேண்டும். வேலி அதே மூலையில் மூன்றாவது முறை சாய்கிறது என்றால் சிக்கல் வேலியில் இல்லை. அங்கே நீர் குவிந்து வருகிறது, மேலே யாரோ ஒரு வாய்க்காலின் போக்கை மாற்றியிருக்கிறார்கள், அல்லது வரைபடமே தவறு. மூன்று முறை ஒரே வரியை எழுதிய கை, நான்காவது முறை எழுதாமல் நின்று யோசிக்கும்படி இந்த விதி செய்கிறது. ஆய்வு ஏட்டை வெறும் பதிவாக இல்லாமல் நோய் கண்டறியும் கருவியாக ஆக்குவது இதுதான்.

திட்டமும் கூடவே மாற வேண்டும். தளத்தில் மாற்றம் வந்தால் 7 நாளில் தடுப்புத் திட்டத்திலும் வரைபடத்திலும் அது ஏற வேண்டும். வரைபடத்தில் இருக்கும் குட்டை தரையில் இல்லை, தரையில் இருக்கும் மண்மேடு வரைபடத்தில் இல்லை என்ற நிலையை அரசு ஆய்வாளர் முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஏடு யாருக்குச் சாட்சி

அறிக்கையில் கையெழுத்திடுபவர், இதில் உள்ளது உண்மை என்று சட்டத்தின் தண்டனைக்கு உட்பட்டே சான்றளிக்கிறார். தெரிந்தே பொய் எழுதினால் தூய நீர்ச் சட்டத்தில் 10,000 டாலர் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. விதிமீறலுக்கான குடிமை அபராதத்தின் உச்சவரம்பு, 2025 ஜனவரியில் பணவீக்கத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டபடி, ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 68,445 டாலர். மீறல் நீடிக்கும் ஒவ்வொரு நாளும் தனிக் கணக்கு. அரசு நடவடிக்கை எடுக்காவிட்டாலும், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பொதுமக்களே வழக்குப் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

2008-இல் சென்டெக்ஸ், கே.பி. ஹோம், எம்.டி.சி., புல்டே ஆகிய நான்கு வீடு கட்டும் நிறுவனங்கள் மழைநீர் மீறல் குற்றச்சாட்டுகளைத் தீர்த்துக்கொள்ள மொத்தம் 43 லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட்டன. 2012-இல் டோல் பிரதர்ஸ் நிறுவனம் 7,41,000 டாலருக்கு உடன்பட்டது. அந்த நிறுவனத்தின் மீது சொல்லப்பட்ட 600-க்கும் மேற்பட்ட மீறல்கள், அரசு ஆய்வாளர்கள் தளத்துக்குப் போய்ப் பார்த்ததிலிருந்தும், நிறுவனமே சமர்ப்பித்த ஆவணங்களைப் படித்ததிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பெரும்பாலானவை கட்டுப்பாடுகளை நிறுவாமல், பராமரிக்காமல் விட்டது பற்றியவை.

இதைக் கேட்டதும், குறையை எழுதாமலே விட்டால் நல்லது என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். இது மிக ஆபத்தான முடிவு. 40 வாரமும் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிய ஏட்டை எந்த ஆய்வாளரும் நம்ப மாட்டார். மழை பெய்யும், வண்டி ஓடும், துணி கிழியும், அதுதான் இயல்பு. ஒரு கோடை மழைக்காலம் முழுவதும் ஒரு வேலிகூடச் சாயவில்லை என்றால், யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றே அவர் எடுத்துக்கொள்வார். அதன்பின் எல்லாப் பக்கங்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். புதன்கிழமை குறை கண்டோம், வியாழக்கிழமை மாலை சரி செய்தோம், இதோ படம் என்று காட்டும் ஏடுதான் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றும். தண்டனைக்கு வழிவைப்பது குறையைக் கண்டு எழுதிவிட்டு அடுத்த நான்கு வாரமும் அதையே எழுதிக்கொண்டிருப்பது.

இதில் ஆய்வாளரின் நிலை கடினமானது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் எழுதுவது தன் சம்பளம் கொடுப்பவருக்கு எதிரான சாட்சியமாக மாறலாம். குறையை எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு, கூலியாளையும் எந்திரத்தையும் அனுப்பிச் சரி செய்யும் அதிகாரம் பெரும்பாலும் தள மேலாளரிடம் இருக்கிறது. அறிக்கையை மின்னஞ்சலில் போட்டுவிட்டுப் போகும் ஏற்பாட்டில் இந்த இடைவெளி அப்படியே நிற்கும். மேலாளரும் ஆய்வாளரும் சேர்ந்து நடக்கும் தளங்களில் பாதிக் குறை நடந்து முடிப்பதற்குள் சரியாகிவிடும்.

மீண்டும் தீர்ப்புகளுக்கு

சாக்கெட் தீர்ப்பு, எந்த நீர்நிலை கூட்டாட்சிச் சட்டத்துக்குள் வரும் என்ற கேள்வியைப் பற்றியது. நிலையாக ஓடும் நீர்நிலையோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்த சதுப்பு நிலங்கள் மட்டுமே உள்ளே வரும் என்றது. தனித்து நிற்கும் சதுப்பு நிலத்துக்கு மட்டும் நீர் போகும் தளங்களுக்கு இதனால் மாற்றம் வரலாம். ஆனால் பல தளங்களின் நீர் நகராட்சியின் மழைநீர் வடிகாலில் விழுந்து ஆற்றுக்கோ கடலுக்கோ போகிறது. அவற்றுக்கு எதுவும் மாறவில்லை. பல மாநிலங்களின் சொந்தச் சட்டம் கூட்டாட்சிச் சட்டத்தைவிட அகன்றது, நகராட்சிக்கும் தனி விதிகள் உண்டு.

சான் ஃபிரான்சிஸ்கோ தீர்ப்பு வேறு வகை. அந்த வழக்கு, நகரத்தின் கழிவுநீர் நிலையம் பசிபிக் கடலில் விடும் நீரைப் பற்றியது. நீர்நிலையின் தரம் கெடக்கூடாது என்ற முடிவை மட்டும் சொல்லி, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விடும் நிபந்தனைகளை அனுமதியில் முகமை வைக்கக்கூடாது என்று 5-4 பெரும்பான்மையில் நீதிமன்றம் சொன்னது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது முகமையின் வேலை. செயல்முறைகளை நிபந்தனையாக வைப்பது தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை.

கட்டுமானப் பொது அனுமதியிலும் நீர்த்தரம் காக்கப்பட வேண்டும் என்ற பொதுவான வரி இருக்கிறது. அப்படிப்பட்ட வரிகள் இனிக் கேள்விக்கு உள்ளாகும். ஆனால் 7 நாள், 14 நாள், கால் அங்குலம், வேலியின் பாதி உயரம், அடுத்த வேலை நாள், இவையெல்லாம் செயல்கள். நீதிமன்றம் கேட்டதே இவற்றைப் போன்ற நிபந்தனைகளைத்தான். பொது வரியின் பலம் குறையக் குறைய, அனுமதியின் சுமை முழுவதும் இந்தச் செயல்கள் மீது இறங்கும். 2027-இல் புதிய அனுமதி வரும்போது இவை இன்னும் விரிவாக எழுதப்படும் என்றே நான் எதிர்பார்க்கிறேன். 'முடிவு' என்று சொல்ல முடியாத இடத்தில் 'படி' என்று எழுத வேண்டியிருக்கும். புதிய அனுமதி வரத் தாமதமானால், ஏற்கெனவே பழைய அனுமதியின் கீழ் உள்ள தளங்களுக்கு அதுவே தொடரும். இடைவெளியில் ஆய்வை நிறுத்தலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

எப்போது முடிகிறது

கட்டடம் எழும்பியதும் கடமை முடியாது. திறந்த மண் முழுவதும் நிலையாக மூடப்பட வேண்டும். செடி வளர்த்து மூடுவதென்றால், அந்தப் பகுதியின் இயற்கைத் தாவர அடர்த்தியில் குறைந்தது 70 சதவீதம், சீராகப் பரவியிருக்க வேண்டும். விதை தூவிய நாள் அல்ல, முளைத்து வேர்பிடித்த நாள்தான் கணக்கு. தற்காலிக வேலி, துணி, குழாய் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். 2022 அனுமதியின்படி நிலைப்படுத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு முடிவு அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அதுவரை ஆய்வு தொடரும். வேலையாட்கள் வேறு தளத்துக்குப் போய்விட்டாலும், கதவைப் பூட்டி ஆறு மாதம் ஆனாலும், அந்தச் சரிவில் புல் பிடிக்காமல் இருக்கும்வரை யாராவது போய்ப் பார்த்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.